சூசையப்பர் உறையில் இருந்த ஆயிரத்து நானூறு வெள்ளி

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரை உடைத்தார்கள். உடைத்தார்கள் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் கசிந்து சுவர் முழுக்க ஈரம் ஏறிவிட்டது. குழாய் வேலை செய்யும் குணா வந்து ஒரு முழ அகலத்துக்கு உளியால் கொத்தி எடுத்தார். உள்ளே நனைந்து கிடந்த பழைய சிமெண்டிலிருந்து ஒரு வாசம் கிளம்பியது. மழை பெய்த மண் வாசம் மாதிரி இல்லை. கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் துரு, கொஞ்சம் பழைய வெங்காயத் தோல். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

குணா வேலையை முடித்துவிட்டுத் தரையைத் துடைக்கும்போதுதான் கவனித்தார்.

"என்னா அங்கிள் இது, தரையில ஒவ்வொரு எடத்துல ஒவ்வொரு கலரு! டைல்ஸ் கடையில சாம்பிள் குடுத்ததெல்லாம் ஒட்டிட்டீங்களா?"

"எங்க வீட்டம்மா போட்ட தரை தம்பி."

"ஆன்ட்டிக்குக் கலரு ரொம்பப் பிடிக்குமோ?"

"கலரு ஒண்ணும் பிடிக்காது. கடன் பிடிக்காது."

அவர் சிரித்தார். புரிந்து சிரித்தாரா, வயசானவர் ஏதோ சொல்கிறார் என்று சிரித்தாரா, தெரியாது. அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசம் மட்டும் போகவில்லை. நான் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ரீத்தா இறந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. மகள் மெர்சி ஜொகூரில் குடும்பத்தோடு இருக்கிறாள். குணாவிடம் சொல்லாமல் விட்டதை உங்களிடமாவது சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை. காலையில் ஜெலுத்தோங் ரோட்டில் தொழிற்சாலை பஸ் ஏறினால் சாயங்காலம் அதே பஸ் கொண்டுவந்து விடும். சம்பளம் பேங்கில் போய் விழும். மற்றவர்கள் எல்லாம் வேண்டியபோது வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. சம்பள நாளன்று முழுவதையும் எடுத்து, ஐந்தும் பத்துமாக மாற்றி, கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மெஷினில் ஐம்பது வெள்ளி நோட்டுதான் வரும். அதனால் சந்திப்பில் ஒரு முஸ்லிம் பாய் நடத்திய மாமக் சாப்பாட்டுக் கடையில் ஒரு தே குடித்துவிட்டு, கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சில்லறை மாற்றுவேன். "பாய், சம்பள நாளு, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்பேன். "உங்க வீட்டுல சாமிக்கெல்லாம் சம்பளமாம்ல" என்பார் அவர். ஊருக்கே தெரிந்த கதை.

கதை இதுதான். ரீத்தா வீட்டுச் செலவைக் கடித உறைகளில் பிரித்து வைப்பாள். ஒவ்வொரு உறையின் மேலும் ஒரு புனிதரின் படம் ஒட்டியிருக்கும், கோவில் திருவிழாக்களில் கொடுப்பார்களே, அந்தச் சின்னப் படம். அரிசி பருப்புக்கு அந்தோணியார், ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தவர் என்பதால். மின்சாரத்துக்கு லூசியம்மாள், கண்ணுக்கு வெளிச்சம் தருகிறவள். என் மோட்டார் பெட்ரோலுக்குக் கிறிஸ்தோபர், பயணிகளின் காவலர். மெர்சியின் பள்ளிக்கூடச் செலவுக்குக் குழந்தை யேசு. வீட்டைப் பழுதுபார்க்கும் வேலைக்குச் சூசையப்பர், அவர் தச்சர் என்பதால். எல்லா உறைகளும் நாங்கள் வீட்டில் ஜெபம் செய்யும் பீடத்துக்குக் கீழே உள்ள இழுப்பறையில் இருக்கும்.

சம்பள நாள் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்து உறைகளை வரிசையாக வைப்பாள். எனக்கு எதிர் நாற்காலி. நான் நோட்டை எண்ணிக் கொடுக்க வேண்டும், அவள் உள்ளே வைப்பாள். போன மாதத்துக் கணக்கைக் கேட்பாள். ஐயோ, அதுதான் எனக்குப் பிடிக்காத நேரம்.

"கிறிஸ்தோபர்ல ஒண்ணு எம்பது குறையுது."

"காத்து அடிச்சேன்."

"காத்துக்கு ஒண்ணு எம்பதா? எந்த ஊருக் காத்து?"

மெர்சி உள்ளறையில் இருந்து சிரிப்பாள். மேல்நிலைப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு முன்னால் மானம் போகிறதே என்று எனக்குக் கோபம் வரும். ஆண்டவரே, கேள்வி கேட்காத மனைவியைக் கொடுத்திருக்கக் கூடாதா என்று நான் அந்த மேசையிலேயே உட்கார்ந்து நினைத்ததுண்டு. அப்படி நினைக்கக் கூடாது என்று அப்போது தெரியவில்லை.

இதில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு புனிதரின் உறையில் இருந்து இன்னொருவருக்கு எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு, எடுத்த உறையில் வைக்க வேண்டும். "லூசியம்மாள் அந்தோணியாருக்குத் தரவேண்டியது நான்கு வெள்ளி." அப்படி. ரீத்தா தானும் எழுதுவாள். அவள் எழுதிய சீட்டுகள்தான் அதிகம்.

சூசையப்பர் உறை மட்டும் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். காரணம் அடுப்படி. நாங்கள் வாங்கிய வரிசை வீட்டில் அடுப்படி என்பது பின்பக்கம் தகரம் போட்ட ஓர் இடம். தகரம் ஓட்டை. செப்டம்பர், அக்டோபர் மழையில் ஒரு வாளி அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு வாளி அம்மிக்குப் பக்கத்தில். ரீத்தா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தோசை சுடுவாள். கூரை மாற்றி, சுவர் கட்டி, ஜன்னல் வைத்து, தரை போட வேண்டும் என்பது அவள் ஆசை. நகை கேட்டவள் இல்லை, புடவை கேட்டவள் இல்லை. "நனையாம சமைக்கணும், அவ்ளோதான்" என்பாள்.

இந்த நேரத்தில்தான் என் காலைக் கழுவினார்கள்.

பெரிய வியாழனன்று சாயங்காலத் திருப்பலியில் குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவுவார் அல்லவா. அந்த வருடம் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். எனக்குப் பக்கத்தில் சவரிமுத்து. பாடகர் குழுவில் என்னோடு பத்து வருடம் பாடியவன், லோரி ஓட்டுகிறவன், என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவன். குருவானவர் வயதானவர். என் முன்னால் முழங்காலிட்டு, இயந்திர எண்ணெய் ஏறிய என் காலைக் கழுவித் துடைத்து முத்தமிட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. திருப்பலி முடிந்து வெளியே வந்தோம். செருப்புக்குள் கால் இன்னும் ஈரமாக இருந்தது. சவரி கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, சொந்தமா ஒரு லோரி எடுக்கலாம்னு. ஃபைனான்ஸ்ல ஒரு ஜாமீன் கையெழுத்து கேக்கறான். உங்களவிட்டா எனக்கு யாருண்ணே?"

மற்ற நாளாக இருந்தால் ரீத்தாவைக் கேட்கிறேன் என்று சொல்லியிருப்பேன். ஆண்டவர் என் காலைக் கழுவிக் கால் மணி நேரம் ஆகவில்லை, ஒரு கையெழுத்துக்கு யோசிப்பதா என்று நினைத்தேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தைக் கோவிலுக்குப் போகாதவன் செய்ய மாட்டான். பாஸ்காத் திருவிழா முடிந்த செவ்வாய்க்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டேன்.

சவரி எட்டு மாதம் தவணை கட்டினான். ஒன்பதாம் மாதம் பாடகர் குழுவுக்கு வரவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டான். சிங்கப்பூர் என்றார்கள், கோத்தா திங்கி என்றார்கள். லோரியைப் பிடித்து ஏலம் விட்டது போக, மீதி பதினெட்டாயிரம் வெள்ளி என் தலையில் வந்து நின்றது. அந்தக் கடிதத்தை ரீத்தாவிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். திட்டுவாள் என்று பார்த்தேன். இரண்டு தடவை படித்தாள். பிறகு சொன்னாள்:

"சாமியாரு உங்க காலக் கழுவினாரு. அந்த ஆளு உங்களக் கைகழுவிட்டான்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இருந்ததால்தான் அன்றைக்குச் சாப்பிட முடிந்தது.

அடுத்த சம்பள நாளில் மேசையில் ஒரு புது உறை இருந்தது. யூதா ததேயு, கைவிடப்பட்ட காரியங்களின் பாதுகாவலர். மாதம் இருநூற்றைம்பது, ஆறு வருடம். என் சம்பளம் ஓவர்டைம் எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்றைம்பது. அதில் வீட்டுத் தவணை வேறு இருநூற்றெண்பது. அந்தோணியார் மெலிந்தார், லூசியம்மாள் மெலிந்தாள். மின்விசிறி ஒன்றுதான் ஓடும், மூவரும் ஒரே அறையில் இருப்போம். சூசையப்பரை மட்டும் அவள் தொட விடவில்லை. மாதம் ஐந்து வெள்ளியாவது அதில் போட்டாள்.

"கடன் தீர்ற வரைக்கும் வீட்ட மறந்துட்டோம்னா அப்புறம் வீடுன்னு ஒண்ணு இருக்காது" என்றாள். எனக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. எரிகிற வீட்டில் ஜன்னலுக்கு வர்ணம் பூசுகிற மாதிரி எனக்குத் தோன்றியது.

தோட்டம் அப்போது வந்ததுதான். வீட்டுக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு மண், பின் சந்தில் பெயிண்ட் வாளிகள். அதுவரை ரோஜா இருந்த இடத்தில் கறிவேப்பிலை, பாண்டான், வல்லாரை, மிளகாய் வந்தன. பின்வேலியில் பாகல் ஏறியது. எங்கள் தேவைக்குப் போக மீதியை விற்றாள். கறிவேப்பிலை மாமக் கடைக்கு. பாண்டான் இலை, முனையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்ற மலாய்க்கார மாச்சிக்குக்கு. காலை ஐந்தரைக்கு இலை அறுத்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பாள். ஒரு கட்டு ஐம்பது காசு, முப்பது காசு. அந்தக் காசுக்குத் தனி உறை. கோவில் நாள்காட்டியைப் புரட்டித் தேடி விவசாயிகளுக்கு இசிதோர் என்று ஒருவர் இருப்பதைக் கண்டுபிடித்தாள். படம் கிடைக்கவில்லை. மெர்சி பென்சிலால் தாடி வைத்து ஒருவரை வரைந்து கொடுத்தாள். பார்க்கப் பழைய இரும்பு வாங்குகிறவர் மாதிரி இருப்பார்.

இரண்டாவது வருடம் சூசையப்பர் உறையில் ஆயிரத்து நானூறு வெள்ளி சேர்ந்துவிட்டது. கொத்தனார் கூரைக்கும் சுவருக்கும் இரண்டாயிரத்து எண்ணூறு கேட்டார், பாதி முன்பணம். மழைக்கு முன்னால் ஆரம்பித்துவிடலாம், மீதியை மெல்லத் தாருங்கள் என்று ஒப்புக்கொண்டார். திங்கட்கிழமை வருவதாகப் பேச்சு. அதற்கு முந்தைய வாரம் தாசேக் கெலுகோரில் இருந்த ரீத்தாவின் அக்காவுக்கு அறுவை சிகிச்சை. மெர்சியையும் பள்ளி விடுமுறை என்று கூட்டிக்கொண்டு ஐந்து நாள் போய்விட்டாள்.

புதன்கிழமை ஃபைனான்சில் இருந்து ஓர் ஆள் பேசினார். தாமத வட்டி தொள்ளாயிரத்துச் சொச்சம் ஏறியிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் ஆயிரத்து நானூறு மொத்தமாகக் கட்டினால் வட்டியைத் தள்ளிவிடுகிறோம் என்றார். அதே தொகை! இது ஆண்டவர் காட்டிய வழி என்று நினைத்தேன். ஒரு தடவை அப்படி நினைத்ததற்குத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அந்த நேரம் மறந்துவிட்டது. ரீத்தாவின் அக்கா வீட்டில் போன் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும், அதனால் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை வேலையில் இருந்து வந்து இழுப்பறையைத் திறந்தேன். எண்ணினேன். பணத்தை எடுத்துக்கொண்டு சீட்டு எழுத உட்கார்ந்தேன். "யூதா ததேயு சூசையப்பருக்குத் தரவேண்டியது ஆயிரத்து நானூறு" என்று எழுதியும்விட்டேன். கையெழுத்து மட்டும் போட வரவில்லை. சிரிக்காதீர்கள். அந்த ஃபைனான்ஸ் தாளில் கையெழுத்துப் போட்ட நாளில் இருந்து என் பெயரை எழுதவே எனக்குக் கை கூசும். தொழிற்சாலையில் வருகைப் புத்தகத்தில்கூடக் கிறுக்கிவிட்டுத்தான் போவேன். அதுவும் போக, அந்தத் தொகையை என் கையெழுத்தோடு அவள் பார்ப்பதை நினைத்தால் வெட்கம். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று சீட்டைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் பணத்தைக் கட்டி ரசீது வாங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் ரீத்தாவும் மெர்சியும் வந்தார்கள். நான் கடைக்குப் போய் மீன் வாங்கி வந்து, சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். நான் திரும்பி வந்தபோது அவள் பீடத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். கையில் சூசையப்பர். உறையைத் தலைகீழாகப் பிடித்து லேசாகத் தட்டினாள். உள்ளே சீட்டு எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"திருடன் வந்தானோன்னு பயந்துட்டேன்" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். தொள்ளாயிரம் வெள்ளி மிச்சம் என்றேன். ரசீதைக் காட்டினேன். இன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டாலும் நான் செய்த கணக்கு சரிதான். அவள் ரசீதைப் பார்க்கவில்லை.

"ஒரு சீட்டு எழுதிப் போட்டிருந்தா போதும்" என்றாள். "நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

பிறகு கொத்தனாருக்குப் போன் போட்டு, "இந்த வருசம் வேணாண்ணே, அடுத்த வருசம் பாக்கலாம்" என்று சாதாரணமாகப் பேசினாள். மீனைக் கழுவப் போனாள். அன்றைக்கு மழைகூட இல்லை, நல்ல வெயில்.

அடுத்த சம்பள நாள் வந்தது. தே குடித்து, சில்லறை மாற்றி, ஜெபமாலை முடித்து, என் நாற்காலியில் உட்காரப் போனேன். மேசை துடைக்கவில்லை. "அங்க பீடத்துல வச்சிட்டுப் போங்க" என்றாள். வைத்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், அம்மிக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் உட்கார்ந்து தனியாகப் பிரித்தாள். வாய்க்குள் எண்ணுவது எனக்குக் கேட்டது. போன மாதம் கிறிஸ்தோபரில் எவ்வளவு செலவு என்று கேட்கவில்லை. எதையும் கேட்கவில்லை.

சண்டை இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சட்டை தேய்த்து இருந்தது, ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகக் கோவிலுக்குப் போனோம். யார் பார்த்தாலும் நல்ல குடும்பம்தான் என்பார்கள். ஆனால் மாதா மாதம் நான் பணத்தை வைப்பேன், அவள் எடுப்பாள். முதல் மாதம் தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன், உங்களிடம் மறைப்பானேன். மூன்றாம் மாதம் வேண்டுமென்றே பத்து வெள்ளி குறைத்து வைத்தேன். கேட்கவில்லை. அடுத்த மாதம் அந்தப் பத்தைச் சேர்த்து வைத்தேன். அதையும் கேட்கவில்லை. பஸ்ஸில் என்னோடு வருகிறவர்கள் தங்கள் மனைவிமார் கணக்குக் கேட்டுக் கொல்லுகிறார்கள் என்று புலம்புவார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மெர்சிதான் ஒரு நாள் சொன்னாள். "அப்பா, அம்மா சத்தம் போட்டா அது சின்ன சண்டைலா. சத்தம் போடலன்னாதான் நீங்க பயப்படணும்."

தோட்ட வேலை செய்து அவள் மனசைத் திரும்பச் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். சீனர் காப்பிக் கடையில் இருந்து காப்பித் தூள் சக்கையை மூட்டையாக வாங்கி வந்து மண்ணில் கலந்தேன். பாகலுக்குப் பந்தல் கட்டினேன். ஒரு சனிக்கிழமை பாசாரில் இருந்து மீன் கழிவு வாங்கி வந்து, புதைக்கத் தெரியாமல் மேலாகப் போட்டு மண்ணைத் தூவிவிட்டேன். எங்கள் வரிசையில் இருந்த பூனைகள் எல்லாம் வந்து திருவிழா கொண்டாடின. வல்லாரைப் பாத்தி போர்க்களம். பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். சரி, இன்றைக்குத் திட்டாமல் இருக்க மாட்டாள் என்று ஆசையாகக் காத்து நின்றேன். ரீத்தா வெளியே வந்து பார்த்தாள். மண்வெட்டியை எடுத்து எல்லாவற்றையும் ஆழமாகப் புதைத்தாள். கை கழுவிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கோவிலில் போய் உட்கார்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

அடுப்படியை அவள் இசிதோரை வைத்துக் கட்டினாள். கறிவேப்பிலைக் காசிலும் பாண்டான் காசிலும் முதலில் தகரம், இரண்டு இரண்டு தகடாக. பிறகு சுவர். கொத்தனார் சனிக்கிழமை அரை நாள் வருவார், காசு இருக்கிற வரைக்கும் கட்டுவார், நிறுத்திவிட்டுப் போவார். கடைசியில் தரை. ஹார்ட்வேர் கடையில் மீந்துபோன டைல்சைப் பத்துப் பதினைந்தாகத் தள்ளி வைத்திருப்பார்கள். கடை முதலாளி, சீனத் தவுக்கே, இவளைக் கண்டாலே "அக்கா, அம்பில்லா, மூரா மூரா" என்று மலாயில், எடுத்துக்கோ, மலிவு மலிவு எனக் கூப்பிட்டுத் தள்ளிவிடுவார். பச்சை பத்து, பழுப்பு பன்னிரண்டு, பூப் போட்டது ஆறு. சுமந்துகொண்டு வருகிறவன் நான். என்ன விலை என்று எனக்குச் சொல்ல மாட்டாள். சிமெண்டு குழைக்கிறவனும் நான். குனிந்து ஒட்டும்போது எங்கள் தலை இரண்டும் முட்டிக்கொள்ளும் தூரத்தில் இருக்கும். "அந்தப் பச்சைய எடுங்க" என்பாள். அதற்கு மேல் பேச்சு இல்லை.

ஆறாவது வருடத்தில் கடன் தீர்ந்தது. பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கிப் படித்து, சிலுவை போட்டுக்கொண்டு, பீடத்தில் யூதா ததேயுவின் உறைக்குள் மடித்து வைத்தாள். "தோத்திரம்" என்றாள். அந்த மாதம் மேசைக்குக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். பலகையில் உட்கார்ந்து தனியாகத்தான் எண்ணினாள். அடுத்த மாதமும். எனக்குப் புரிந்துவிட்டது, அவள் கணக்கில் என் கடன் அந்தக் கடன் இல்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலிக்குப் பிறகு அவள் முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டாள், நான் பின்னால் வந்தேன். வழியில் ஒருவர் செடி விற்றுக்கொண்டிருந்தார். ஒரு மல்லிகைத் தொட்டி, நாலைந்து மொட்டோடு. விற்பதற்கோ தின்பதற்கோ இல்லாமல் சும்மா அழகுக்கு ஒரு செடி நம் வீட்டுக்கு வந்து எத்தனையோ வருடம் ஆயிற்றே என்று வாங்கிவிட்டேன். வாசல் கேட்டைத் திறந்து உள்ளே வருகிறேன். ரீத்தா முன்பக்கச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். செடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எவ்ளோ?"

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நின்றேன்.

"செடி எவ்ளோன்னு கேக்கறேன்."

"ஒம்பது வெள்ளி."

"ஒம்பதா! இந்தக் குச்சிக்கா? தலைய மொட்டையடிச்சு அனுப்பியிருக்கான். எந்த உறையில இருந்து எடுத்தீங்க?"

"கிறிஸ்தோபர்" என்றேன்.

"அப்ப பெட்ரோலுக்குச் செடிய ஊத்துவீங்களா? உள்ள போயி சீட்டு எழுதி வைங்க. கையெழுத்துப் போடணும், சொல்லிட்டேன்."

உள்ளே போனேன். மேசையில் உட்கார்ந்து எழுதினேன். "இசிதோர் கிறிஸ்தோபருக்குத் தரவேண்டியது ஒன்பது வெள்ளி." என் பெயரை முழுதாக, எழுத்துப் பிசகாமல், பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே அவள் இன்னும் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். பேசட்டும் ஆண்டவரே, பேசட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் மேசை துடைத்து என் நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரையிலும், பெற்ற பிறகு சேமநிதிப் பணத்தை மாதா மாதம் எடுத்து வந்தபோதும், அவள் கேட்காத மாதம் இல்லை. மருத்துவமனையில் படுத்திருந்த கடைசி வாரத்தில்கூட, கீழே கடையில் காப்பிக்கு எவ்வளவு வாங்குகிறான் என்று கேட்டாள். இரண்டு வெள்ளி எண்பது காசு என்றேன். கண்ணை மூடிக்கொண்டே தலையை ஆட்டினாள். அநியாயம் என்று அர்த்தம்.

இப்போது மாமக் கடை இருந்த இடத்தில் ஏதோ கேக் கடை வந்துவிட்டது. நாசி லெமாக் மாச்சிக்கை மகன் சுங்கை பட்டாணிக்குக் கூட்டிப் போய்விட்டார். அந்த ஹார்ட்வேர் கடையும் இல்லை. மின்சாரம், தண்ணீர், வீட்டு வரி எல்லாவற்றையும் மெர்சி என் போனில் ஏதோ செய்து, தானாகவே கட்டிக்கொள்கிற மாதிரி வைத்துக் கொடுத்திருக்கிறாள். நான் எதையும் எண்ண வேண்டியதில்லை. குணாவுக்குக்கூடக் கூலியைப் போனைக் காட்டித்தான் கொடுத்தேன், ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

நேற்றுச் சாயங்காலம் ஜெபமாலை முடிந்து, சும்மா இருக்கிறேனே என்று ஒரு தாளில் இந்த மாதச் செலவை எழுதிப் பார்த்தேன். கணக்கில் நாற்பத்தைந்து வெள்ளி இடித்தது. மூன்று தடவை கூட்டினேன். எங்கே போனது என்று தெரியவில்லை. மெர்சி வழக்கம்போல எட்டு மணிக்குக் கூப்பிட்டபோது சொன்னேன்.

"நாப்பத்தஞ்சு வெள்ளிதானேப்பா. விடுங்க, போவுது" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள்.